நாகம்மாவுக்குச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிய ராஜபாளையம் பயணம்

எங்கள் பக்கத்துக்கு வருகிறவர்கள் ஆண்டாள் கோயில், பால்கோவா, அருவி மூன்றையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பனி உருகிய பிறகு முளைத்த மரத்தைப் பார்க்கப் போனவர்கள் அநேகமாக நாங்கள் மட்டும்தான். அதுவும் புறப்படும்போது எங்களுக்கே தெரியாது. கல்லாகிப்போன பாம்பு என்று நினைத்துத்தான் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை. சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம், அங்கிருந்து அய்யனார் கோயில் ஓடை. ஒரே நாளில் முடிகிற பயணம்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறவள் என் அண்ணன் மகள் மாரிசெல்வி. இந்தக் கதை அவளுடையது என்பதால், எழுதலாமா என்று முதலில் அவளிடம்தான் கேட்டேன். “பேரைப் போட்டே எழுதுங்க சித்தப்பா” என்றாள்.

கல் வந்த கதையைச் சொல்லாமல் பஸ் ஏற முடியாது. என் அண்ணன் கருப்பசாமி தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றும் லாரி ஓட்டியவர். கரி லாரிக்காரர் வீட்டில் வெள்ளைச் சட்டை வாங்குவதில்லை. கல்யாணத்துக்கு எடுத்த ஒரே வெள்ளைச் சட்டையையும் அவர் கழுத்துப் பட்டி கறுத்துப் போய்த்தான் கழற்றினார். அது கிடக்கட்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால், மழை பெய்த ஒரு சாயங்காலம், எட்டயபுரம் தாண்டி ஒரு பாம்பு ரோட்டைக் கடந்தது. பிரேக் போட்டும் நிற்கவில்லை. இறங்கித் தேடினால் செத்த பாம்பும் இல்லை, ஓடிய தடமும் இல்லை. மறுநாள் ஆலையில் கரியைக் கொட்டும்போது லாரித் தொட்டியின் மூலையில் ஒரு கல் கிடந்தது. முழங்கை நீளம், தொடைப் பருமன், கன்னங்கரேல் என்று. மேலெல்லாம் வரிசை வரிசையாகச் செதில்.

அடிபட்ட பாம்பு கல்லாகி லாரியில் ஏறிக்கொண்டது என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லைப்புற வேப்பமரத்தடியில் வைத்தார். என் மதினி பேச்சியம்மாள் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துப் பால் ஊற்றினார். கல்லுக்கு நாகம்மா என்று பேரும் ஆயிற்று. அண்ணன் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

மாரிசெல்வியை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பட்டாளத்தில், வடக்கே எங்கோ பனி மலையில் இருக்கிறார். இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. டாக்டரம்மா எல்லாம் சோதித்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை, உடம்பு தேறட்டும் என்றார். ஆனால் மாமியார் காளியம்மாள் காதில் எங்கள் வீட்டுக் கல் கதை விழுந்துவிட்டது. ஆடி மாதக் கோயில் கொடைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவளைத் திரும்ப அழைக்க ஆவணி பிறந்தும் யாரும் வரவில்லை. “அந்தப் பாம்புப் பாவத்தக் கழிச்சிட்டு வரட்டும்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

மதினி பரிகாரத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்தார். மாரிசெல்வி அழவில்லை, சண்டையும் போடவில்லை. “மொதல்ல அது பாம்புதானான்னு தெரியட்டும்மா” என்றாள். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. செல்போனில் யாரோ போட்டிருந்த படத்தில், சுரங்கத்துக் கல் ஒன்றில் இதே செதிலைப் பார்த்திருக்கிறாள். தனக்கு ராஜபாளையம் காலேஜில் தாவரவியல் நடத்திய ஜெபராணி டீச்சருக்கு நாகம்மாவைப் படம் பிடித்து அனுப்பினாள். “எண்ணெய்ப் பிசுக்குல ஒண்ணும் தெரியல, நேர்ல கொண்டா” என்று பதில் வந்தது.

நாகம்மாவை இடம் பெயர்ப்பதா என்று மதினி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் தானே ஒரு வழி சொன்னார். கூடையைத் தான்தான் தூக்குவார், வெறும் மண்ணில் வைக்கக்கூடாது, கழுவுவதாக இருந்தால் அபிஷேகமாகத்தான் கழுவ வேண்டும். இப்படித்தான் எங்கள் பயணம் புறப்பட்டது. அண்ணன் வரவில்லை. பருத்திக்குத் தண்ணீர் பாய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

காலை ஏழே கால் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்குப் பன்னிரண்டு ரூபாய். கண்டக்டர் கூடையைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதுக்கு லக்கேஜ் போடணும். என்ன, கருங்கல்லா?” என்றார்.

“கால எடுங்க. நாகம்மா” என்றார் மதினி.

கண்டக்டர் காலை எடுத்த வேகத்தில் விசில் கீழே விழுந்துவிட்டது. “முன்னாடி சீட்டுல வைங்கம்மா, குலுங்காது” என்று அவரே ஓர் ஆளை எழுப்பி இடம் கொடுத்தார். இதைப் படித்துவிட்டு யாரும் வெங்காய மூட்டைக்கு நாகம்மா என்று பேர் வைத்துவிடாதீர்கள். எதிர் சீட்டு அம்மா தலையிலிருந்த பூவில் ஒரு கண்ணியைக் கிள்ளிக் கூடையில் போட்டு, “எங்க கொண்டு போறிய?” என்று கேட்டார்.

“ராசபாளயம் காலேசுக்கு.”

“காலேசுக்குள்ளயா கோயில் கட்டுதாக? நல்லதுதான். பரிச்சைக்கு ஆகும்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். பால்கோவா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர்ப்பலகை பளபளப்பாக இருக்கிற கடையைத் தேடாதீர்கள். அடுப்புப் புகை வருகிற கடையில் நின்று, இன்றைக்குக் கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள். நான் கால் கிலோ வாங்கினேன். மதினி கோபுரம் தெரிகிற பக்கம் திரும்பி நின்று கும்பிட்டார். கூடையில் ஒரு சாமி இருக்கும்போது இன்னொரு சாமி வீட்டுக்குள் போவது மரியாதை இல்லையாம். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

அங்கிருந்து ராஜபாளையம் பதினொரு கிலோமீட்டர். அரை மணி நேரம் போதும். வலது கைப்பக்கம் மலை கூடவே வரும், அந்தப் பக்கம் உட்காருங்கள். ஊருக்குக் கிழக்கே சஞ்சீவி மலை இருக்கிறது. ஆஞ்சநேயர் தூக்கிப்போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சொல்வார்கள். ஓர் ஊரில் விழுந்த கல் செத்தவரை எழுப்புகிறது, ஒரு வீட்டில் விழுந்த கல் பிறக்கிற பிள்ளையை நிறுத்துகிறது என்கிறார்கள். கல் என்ன செய்யும், நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடக்கும்.

ஜெபராணி டீச்சர் காலேஜ் வாசலுக்கே வந்து ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளை ஓடு பதித்த தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மதினி பையிலிருந்து பால், மஞ்சள், பன்னீர், சீயக்காய்த் தூள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, “நான் தொடலாமாம்மா?” என்று கேட்டார்.

“நீங்க வேதக்காரவியளா?”

“ஆமாம்மா, கிறிஸ்தவங்கதான்.”

மதினி சீயக்காய்ப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார். “கொழந்தயக் குளிப்பாட்டுற கையில என்ன வேதம். தலையில மட்டும் அழுத்தாதிய.”

“தலை எதும்மா?”

மதினி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்பது வருடமாக அகலமான பக்கத்துக்குத்தான் பொட்டு வைத்திருக்கிறார். அதுதான் தலையா என்று யாரும் கேட்டதில்லை.

முதலில் பால் ஊற்றினார்கள். பிறகு சீயக்காய். கோயில் சிலைக்கு எண்ணெய்க் காப்பு எடுப்பதுபோல டீச்சர் விரலாலேயே மெதுவாகத் தேய்த்தார். மஞ்சள் கரைந்து ஓடியது, அதற்குக் கீழே குங்குமம், அதற்குக் கீழே இன்னும் பழைய மஞ்சள். மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகுதான் கல் வெளியே வந்தது. படம் வரைகிற மெல்லிய பிரஷ்ஷால் டீச்சர் ஒரு செதிலைத் துடைத்தார். பூதக்கண்ணாடியை மதினி கையில் கொடுத்தார்.

“பாம்புச் செதிலு வீட்டு ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும்மா. இதுல ஏறியிருக்கா பாருங்க.”

மதினி கண்ணாடியைக் கல்லில் இடித்துக்கொண்டு பார்த்தார். “ஏறல. பக்கத்துல பக்கத்துல கட்டம் கட்டமா நிக்கி. நடுவுல ஒரு புள்ளி வேற. இது நம்ம பப்பாளித் தண்டுல இலை உதுந்த தடம் மாதிரில்லா இருக்கு!”

“அதேதாம்மா. இலை உதுந்த தடந்தான். அந்தப் புள்ளி வழியாத்தான் இலைக்குத் தண்ணி போச்சு. இது மரம்.”

மதினி கண்ணாடியை மறுபடி கல்லில் வைத்துப் பார்த்தார். இந்த மரச் சாதிக்கு இங்கிலீஷில் கிளப்மாஸ் என்று பேராம். பேரில்தான் பாசி, உண்மையில் பாசி இல்லையாம். கரி எந்த ஊர்க் கரி என்று டீச்சர் கேட்டார். மாரிசெல்வி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“ஒரிசாக் கரிதான், கப்பல்ல வரும்” என்றது அண்ணன் குரல். “என்ன சொல்லுதாக? பாம்புதான?”

“மரம்ப்பா.”

“மோட்டார நிப்பாட்டணும்” என்று போனை வைத்துவிட்டார்.

ஒரிசா என்றதும் டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். “முப்பது கோடி வருசத்துக்குக் கிட்ட ஆகுதும்மா. அப்ப நம்ம நாடு இந்த எடத்துல இல்ல. தெக்கே தென் துருவத்துக்குப் பக்கத்துல, வேற நாடுகளோட ஒட்டிக் கெடந்துச்சு. மேல மலை மலையாப் பனிக்கட்டி. ஒரிசாவுல கரிக்கு அடியில தோண்டுனா, அந்தப் பனி உருட்டிட்டு வந்த கல்லு இன்னமும் கெடக்கு. பனி உருகுச்சு. ஒரே சகதி. அந்தச் சகதியில மொளச்ச கூட்டத்துல இதுவும் ஒண்ணு. நாக்கு மாதிரி இலை வச்ச மரங்க பின்னால பெருங்காடா வந்துச்சு. எல்லாஞ் சாஞ்சு, மண்ணு மூடி, கரியாச்சு. இது மட்டும் களிமண்ணுல அச்சுப் பதிஞ்சு நின்னுருச்சு.”

“பனையாட்டம் ஒசரமா வளருமா?” என்று நான் கேட்டேன்.

“வேற நாட்டுல இதோட பங்காளிங்க தென்னையத் தாண்டி வளந்தாங்க. நம்ம பக்கத்துச் சாதி அம்புட்டு ஒசரமில்ல. பூ கெடையாது, காய் கெடையாது. அப்ப ஒலகத்துலயே பூ இல்ல.”

“பூவே இல்லாமயா சாமி கும்பிட்டாக?” என்றார் மதினி.

“கும்பிட ஆளே இல்லம்மா.”

அதைக் கேட்டதும் மாரிசெல்வி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

மதினிக்குத்தான் தாங்கவில்லை. கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு, “அப்ப ஒம்பது வருசமா நான் மரத்துக்கா பால் ஊத்துனேன்?” என்றார். டீச்சர் ஈரக் கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “இந்த மாதிரிக் கல்லு வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டா, அப்பளம் மாதிரி ஏடு ஏடா உதுந்துரும்மா. ஒங்க எண்ணெயிலயும் மஞ்சள்லயும்தான் உதுராம இருந்திருக்குன்னு நெனைக்கேன். நீங்க கும்பிடலைன்னா இன்னைக்கு நான் பாக்க ஒண்ணுமே இருந்திருக்காது.” மதினி மூக்கைச் சிந்திக்கொண்டு, பன்னீரை எடுத்து மரத்தின் மேலும் தெளித்தார். கொண்டு வந்ததை வீணாக்கக்கூடாது அல்லவா.

இந்த மரத்தின் உறவுக்காரச் செடி இன்னும் உயிரோடு இருக்கிறது, அய்யனார் கோயில் ஓடைப் பக்கம் பாறையில் பார்க்கலாம் என்று டீச்சர் அடையாளம் சொன்னார். பஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் போக, காத்திருக்க, திரும்ப அறுநூறு ரூபாய். ஆட்டோ ஓட்டிய வெங்கடேசு வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். போன் வந்தால் தெலுங்கு, எங்களுக்குத் தமிழ், குறுக்கே வந்த மாட்டுக்கு இரண்டும். கூடையில் இருப்பது முப்பது கோடி வருட மரம் என்று சொன்னேன். “அம்மம்மா! அப்ப மெதுவா ஓட்டுதேன்” என்று சொல்லிவிட்டு முன்போலவே ஓட்டினார்.

வனத்துறைச் சாவடியில் கேட்டுக்கொண்டு உள்ளே நடந்தோம். அருவியில் குளிக்கப் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் நிழலாக, ஈரம் கசிகிற பாறையாகத் தேடினோம். மாரிசெல்விதான் கண்டுபிடித்தாள். விரல் உயரம்கூட இல்லை. பச்சைச் சங்கிலிபோல, சின்னச் சின்ன இலை அடுக்கடுக்காகப் பாறையில் படர்ந்திருந்தது. எத்தனை தடவை இந்தப் பாறையில் வேட்டியைக் காயப்போட்டிருக்கிறேன்! பாசி என்றுதான் நினைத்தேன்.

மதினி கூடையை மடியில் வைத்தபடி குனிந்து பார்த்தார். “அம்புட்டுப் பெரிய குடும்பம், இம்புட்டுக்காணு ஆயிருச்சே.”

“ஆனா இருக்குல்லம்மா” என்றாள் மாரிசெல்வி. பால்கோவாவைப் பிரித்துச் சாப்பிடலாமா என்று நான் கேட்டதற்கு, “வேண்டாம் சித்தப்பா. அத்த வீட்டுக்கு எதுவும் வாங்காமப் போக முடியாது, அதக் குடுப்போம்” என்றாள்.

“கூப்புடாம எப்பிடிட்டி போக?” மதினிக்குப் பதறிவிட்டது.

“பாம்புப் பாவத்தோட வரக்கூடாதுன்னுதான சொன்னாக. மரத்தோட வரக்கூடாதுன்னு சொல்லலயே.”

சாயங்காலம் நான்கு மணிக்கு ஆட்டோ மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் நின்றது. காளியம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “வாங்க” என்றார். அதற்கு மேல் சிரிப்பு இல்லை. கூடையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“மதினி, அத எதுக்கு இங்க கொண்டு வாறிய?”

மாரிசெல்வி கூடையை வாங்கிப் படியில் வைத்தாள். துணியை விலக்கினாள். “அத்த, இது பாம்பு இல்ல, மரம். டீச்சர் கழுவிப் பாத்துச் சொன்னாக.” இலைத் தடம், புள்ளி, பனி, சகதி எல்லாவற்றையும் சொன்னாள். காளியம்மாள் தொடவில்லை. ஆனால் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“மரமா? பச்ச மரத்த வெட்டுனாலும் பாவந்தான். யாரு வெட்டுனது?”

மதினி முகம் செத்துப்போனது. பாம்பிலிருந்து தப்பி மரத்தில் மாட்டிக்கொண்டோமே என்று நான் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தேன்.

மாரிசெல்வி படியில் மாமியார் காலடியில் உட்கார்ந்தாள். “அது நின்ன காலத்துல, வெட்டுறதுக்கு ஒரு மனுசங்கூடப் பொறக்கல அத்த. எங்க அப்பா இல்ல, நான் இல்ல, நீங்க இல்ல. தானா மொளச்சுச்சு, தானாச் சாஞ்சுச்சு. யார் பேர்ல குத்தம் சொல்லுவிய?” துணியை இழுத்துக் கல்லை மூடினாள். “எனக்கு ரெண்டும் தங்கல. அதுவும் யாரும் ஒண்ணும் செய்யாமத்தான் தங்கல.”

தெருவில் ஆட்டோவின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெங்கடேசு அதை அணைத்துவிட்டார். காளியம்மாள் மறுபடி உட்கார்ந்து கீரையைக் கையில் எடுத்தார், உருவவில்லை.

“எனக்கும் மொதப் புள்ள தங்கல” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. “வெள்ளிக்கெழம முருங்கக் கொப்ப ஒடிச்சேன்னு எங்க மாமியா சொல்லிச்சு. இன்னைக்கு வரைக்கும் நான் வெள்ளிக்கெழம முருங்க ஒடிச்சதில்ல.”

மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு கொப்பை எடுத்து உருவ ஆரம்பித்தார். செத்த நேரம் கழித்துக் காளியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மருமகளைப் பார்த்தார். “ஏட்டி, வந்தவுகளுக்குக் காப்பி போடாம இங்க என்ன ஒக்காந்திருக்க? பாலு மேல் தட்டுல இருக்கு, போ.”

மதினியும் நானும் மட்டும்தான் ஊர் திரும்பினோம். கல்லும் மாரிசெல்வியோடு அங்கேயே இருக்கிறது. அண்ணன் நாலு நாள் கழித்து மாரிசெல்வியின் துணிப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பக்கத்து வீட்டுக் குட்டியானை வேனை இரவல் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு போனார். சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திப் போனார்களாம். போகட்டும்.

நீங்கள் போவதாக இருந்தால், மழை விட்ட பிறகு ஆவணி, புரட்டாசியிலும், கார்த்திகை கடைசியிலும் போங்கள். அப்போதுதான் பாறை ஈரமாகச் செடி பச்சையாக இருக்கும். ஓடையில் வெள்ளம் வந்தால் உள்ளே விடமாட்டார்கள், போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். வழுக்காத செருப்புப் போடுங்கள். செடியைப் பிடுங்காதீர்கள், காட்டில் அது குற்றம். பிடுங்கினாலும் உங்கள் வீட்டுத் தொட்டியில் வராது. உங்கள் ஊர்க் கரிக் குவியலில் செதில் போட்ட கல் கிடைத்தால் கம்பிப் பிரஷ் வைக்காதீர்கள், சீயக்காயும் விரலும் போதும். யாருக்காவது அந்தக் கல்லைக் காட்டிப் பழி சொல்வதற்கு முன்னால் ஒரு டீச்சரிடம் காட்டிவிடுங்கள்.

போன வாரம் காளியம்மாளிடம் போனில் பேசினேன். கல்லை முருங்கை மரத்தடியில் வைத்திருக்கிறாராம். தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறாராம். அதிகம் ஈரம் பட்டால் உதிரும் என்று டீச்சர் சொன்னதை எடுத்துச் சொன்னேன்.

“அரைச் செம்பு ஊத்துதேன் அண்ணாச்சி” என்றார். “மரம்னு தெரிஞ்ச பொறவு ஊத்தாம எப்பிடி இருக்க?”